ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும்

“ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும்” என்பது நம் முன்னோர் வாய்மொழி. வாழ்வும் தாழ்வும் மாறிமாறி வருவன என்பதற்கு உவமையாக இதனை எத்தனையோ தடவை மாணவருக்கு எடுத்துரைத்திருக்கின்றோம். ஆயினும், ஓடமொன்று மெய்யாகவே வண்டியின் முதுகில் ஏறி வருவதைக் கண்ணாரக் கண்டது 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலேதான்.

கல்லூரி விடுமுறையோடு சில நாள் லீவையும் சேர்த்துக்கொண்டு, சுவிற்சர்லாந்திலே பேர்ண் நகருக்கு அணித்தாக வாழும் தமக்கையாரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். சென்ற மூன்றாம் நாள் மாலை, வாயிலில் மோட்டார் வண்டியொன்று வந்து நின்றது. அதன் கூரைமீது, வாரினால் வரிந்து கட்டப்பட்டு, செம்மஞ்சள் நிறத்திலே பளபளவென்று ஒரு பொருள் கிடந்தது. நீளம் ஏறக்குறைய ஓர் ஆளுயரம். நடுவிலே பருத்து, இரு நுனியும் தட்டையாய்ச் சூம்பியிருந்தது. பார்த்த மாத்திரத்தில் அரக்கன் ஒருவனுடைய செருப்பென்றே எண்ணினோம். வண்டியினின்று இறங்கிய மருமகன் முகமெல்லாம் மலர, “மாமா, இதுதான் கயாக். நண்பன் ஒருவன் மலிவாகத் தருகிறான். இரண்டு கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும்” என்றான்.

வாயிற்படியில் நின்ற தமக்கையார் ஒரு சொல்லும் சொல்லாது உள்ளே போய்விட்டார்.

தமக்கையார் இட்ட பணி

அன்றிரவு சாப்பாடு முடிந்து மருமகன் மேல்மாடிக்குச் சென்றபின், தமக்கையார் எம் எதிரில் வந்தமர்ந்தார். “தம்பி, நீ பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ஆள். நீ சொன்னால் அவன் கேட்பான். அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லு. எனக்கு வேறொன்றும் வேண்டாம்” என்றார்.

அவருடைய அச்சத்தின் வேர் எமக்குத் தெரியாததன்று. அது 1992ஆம் ஆண்டு. குடாநாட்டிலிருந்து தெற்கே செல்லும் தரைவழிகள் அடைபட்டிருந்தன. வெளியே போகவேண்டியவர்கள் கிளாலிக் கரைக்கு வந்து, இருட்டியபின் வள்ளம் ஏறி, கடனீரேரியைக் கடந்தே மறுகரை சேர்ந்தனர். தாயாரும், பதினாறு வயதுத் தமக்கையாரும், பன்னிரண்டு வயதினராகிய நாமும் அவ்வாறு ஓரிரவு புறப்பட்டோம். எந்த வள்ளம் உறுதியானது, எது ஓட்டை என்று பார்த்து ஏறும் காலமா அது? இடம் கிடைத்த வள்ளமே நல்ல வள்ளம். ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றாற் பிணைக்கப்பட்டு, விளக்கின்றிச் சென்றன அவை. நடுவழியிலே அலையடித்து நீர் உள்ளே புகுந்தது. தமக்கையார் ஒரு கையால் எம் மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொண்டு, மறுகையால் ஒரு பேணியைக்கொண்டு நீரை இறைத்தபடியே இருந்தார். கரையேறிய பின்பும் அந்தப் பிடி தளரவில்லை. மறுநாள் பார்த்தபோது எம் கையிலே அவர் விரல்களின் தழும்பு இருந்தது.

அதன்பின் அவர் நீர்க்கரை எதனையும் நாடியதில்லை. நாமோ பௌதிகவியற் பட்டதாரி. ஆக்கிமிடீசின் தத்துவத்தை இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி எழுதி அழித்து வருகின்றோம். எனினும் நயினாதீவுக்குச் செல்லும் மோட்டார் வள்ளத்திலே கூட அம்மனை நினைந்து கண்களை மூடிக்கொண்டு அமர்வதே எமது வழக்கம். இத்தகைய ஒருவரிடம், ஆற்றிலே படகு விடாதே என்று பிள்ளைக்குப் புத்தி சொல்லும் பணி வந்து சேர்ந்தது.

வேண்டாமென்று சொல்வது எளிது. ஆயின் அவன் ஆரே ஆற்றங்கரையிலே பிறந்து வளர்ந்த பிள்ளை. அவ்வூரிலே கோடை வந்தால், அலுவலகம் விட்டு வருவோர் உடுப்பை ஒரு நீர்புகாப் பையிலே திணித்துக்கொண்டு ஆற்றிற் குதித்து, மிதந்தபடியே வீடு திரும்புகின்றனர். யாழ்ப்பாணத்து வழுக்கியாற்றை மாரி காலத்தில் மட்டுமே நீரோடு கண்ட நாம், அவனுக்கு ஆற்றைப்பற்றி என்ன சொல்வது? மேலும், இருபது வயதுப் பிள்ளையைத் தடுத்தால் அவன் மறைவிலே செய்வான்; மறைவிலே செய்வது தனிமையிலே செய்வதாகும். முதலில் அறிவோம், பின்னர் பேசுவோம் என்று தமக்கையாரிடம் தவணை கேட்டுக்கொண்டோம்.

பெரியவரின் மூன்று கேள்விகள்

அடுத்த சனிக்கிழமை, கயாக்குகளை விற்பதோடு ஓட்டவும் கற்பிக்கும் ஒரு பெரியவரிடம் மருமகன் எம்மை அழைத்துச் சென்றான். வயது அறுபதுக்கு மேலிருக்கும். அவர் ஜேர்மன் மொழியிற் பேச, மருமகன் தமிழிற் சொன்னான். கூரைமேலிருந்த செம்மஞ்சட் படகை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. மூன்று கேள்விகளை மட்டும் கேட்டார். “எந்த ஆற்றில் ஓட்டப் போகிறாய்? உன் நிறை என்ன? கவிழ்ந்தபோது எத்தனை முறை தானாக நிமிர்ந்திருக்கிறாய்?”

படகு வாங்க வந்தவனிடம் விலையையும் நிறத்தையும் பேசாது இவற்றைக் கேட்ட அந்த வாத்தியாரை எமக்கு உடனே பிடித்துவிட்டது.

கயாக் என்பது வடதுருவத்தை அடுத்த கிறீன்லாந்து முதலிய இடங்களில் வாழும் இனுவிற் மக்களின் வேட்டைப் படகு. கடலில் மிதந்துவரும் மரத்தாலும் எலும்பாலும் சட்டம் அமைத்து, அதன்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்தித் தைப்பார்கள். அதிலே ஏறப்போகிறவனின் உடலை அளந்தே அதைச் செய்வது அவர்கள் மரபு. சட்டையை அளவெடுத்துத் தைப்பது போலப் படகையும் அளவெடுத்துத் தைத்த அம்மக்களின் மதிநுட்பம் வியக்கத்தக்கது. கவிழ்ந்தால் உள்ளிருந்தபடியே துடுப்பை வீசி நிமிர்ந்துவிடும் வித்தையும் அவர்களுடையதே. பனிக்கடலில் வெளியே நீந்துவது மரணமாதலின் அவ்வித்தை அவர்களுக்கு உயிர்க்காப்பு. அதனை நூல்களைப் பார்த்தே பயின்று, ஐரோப்பியருள் முதன்முதலாகச் செய்து காட்டியவர் பவ்லாற்றா என்னும் ஒஸ்ரியர், ஆண்டு 1927.

அல்ப்ஸ் மலையாறுகளுக்குக் கயாக் வந்தது புகையிரதத்தில் என்றால் மிகையாகாது. 1907ஆம் ஆண்டளவில் ஜேர்மனியிலே கிளெப்பர் என்னும் தையற்காரர், மரச்சட்டத்தை மடித்துப் பையில் வைக்கத்தக்க துணிப்படகைச் செய்து விற்கத் தொடங்கினார். மக்கள் அதைத் தோளிற் சுமந்து ரயிலேறி மலைக்குச் சென்று, ஆற்றோடு இறங்கி வந்தனர். பின்னர் கண்ணாடி நார்ப் படகுகள் வந்தன. 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கின்போது, அவுக்ஸ்பேர்க் நகரிற் செயற்கையாக அமைத்த விரைநீர்க் கால்வாயிலே சலோம் என்னும் போட்டி முதன்முறையாக இடம்பெற்றது. 1970களிலே வார்ப்புப் பிளாஸ்ரிக் படகு தோன்றிற்று. பாறையில் மோதினாற் கண்ணாடி நார் உடையும். பிளாஸ்ரிக் நெளிந்து மீளும். அதனால் முன்னர் எவரும் துணியாத ஒடுங்கிய ஓடைகளுக்குள்ளும் மனிதர் இறங்கலாயினர். துணிவு பெருகப் பெருகப் படகின் வகையும் பெருகிற்று.

எத்தனை ஓடம், எத்தனை குணம்

பெரியவரின் கொட்டகையிலே சுவரோரமாக நாற்பதுக்கு மேற்பட்ட படகுகள் நின்றன. எமது கண்ணுக்கு எல்லாம் ஒன்றே. அவரோ தொழுவத்து மாடுகளை அறிமுகஞ் செய்பவர் போல ஒவ்வொன்றையும் தட்டித் தட்டிக் குணங் கூறினார்.

முதலாவது ஓடைப் படகு. செங்குத்தான, பாறை செறிந்த நீரோடைகளுக்கென்றே அமைந்தது. இரண்டரை மீற்றரளவு நீளம். மேலும் கீழும் பருத்து உருண்ட உடல். இரு முனையும் வாழைப்பழம் போல மேனோக்கி வளைந்திருக்கும். அவ்வளைவினால் அருவியிலிருந்து விழும்போது முனை ஆழப் புதையாது வெளிவரும். உருண்ட அடி பாறையிற் சறுக்கிச் செல்லும். ஆனால் வேகம் குறைவு.

இரண்டாவது விளையாட்டுப் படகு. நீளம் இரண்டு மீற்றருக்குங் குறைவு. அடி தட்டை, ஓரங்கள் கூர்மை, முனைகள் மெலிவு. ஓரிடத்தில் நிலைத்துச் சுழலும் அலைமீது ஏறி, முனையை வேண்டுமென்றே நீருள் அமிழ்த்திக் கரணம் அடிப்பதற்கு உரியது. மெலிந்த முனையே அதன் வித்தை. அதுவே அதன் ஆபத்து. மருமகன் கொண்டுவந்த செம்மஞ்சட் செருப்பு இவ்வகையினது.

மூன்றாவது ஆற்றுப் படகு. மேற்சொன்ன இரண்டுக்கும் இடைப்பட்டது. முனைகள் ஓரளவு வளைந்திருக்கும். உடல் ஓரளவு பருத்திருக்கும். ஓரம் இருக்கும், ஆயின் வெட்டாது. பிழையைப் பொறுக்கும், ஆனாற் பிழையைச் சுட்டிக்காட்டாமல் விடாது. நல்ல ஆசிரியனுக்கும் இதுவே இலக்கணம் என்று எமக்குள் எண்ணிக்கொண்டோம்.

நான்காவது சலோம் படகு. போட்டி விதிப்படி நீளம் மூன்றரை மீற்றருக்குக் குறையலாகாது. கரிநாரினாற் செய்யப்படுவது; காற்றைப் போல இலேசானது; பாறையிற் பட்டால் முட்டையோடுதான். ஐந்தாவது காற்றடித்த றப்பர்ப் படகு. எளிதிற் கவிழாது, கவிழ்ந்தாலும் ஏறியிருப்பவன் சிக்குண்ணான், ஆயின் காற்றுக்கும் நீருக்கும் இழுபட்டுத் தன் போக்கிற் போகும். கடலுக்குரிய ஐந்து மீற்றர் நீளப் படகொன்றும் அங்கே நின்றது. நேரே போவதற்கென்றே பிறந்த அதனை ஆற்றிலே விட்டால், பாறை வரும்போது திரும்பமாட்டாது என்றார் பெரியவர். ஒன்றின் நற்குணமே மற்றோரிடத்திற் குற்றமாகிவிடுகின்றது.

ஆற்றையும் அவர்கள் வகுத்திருக்கின்றனர். பாறைகளுக்கிடையே பாய்ந்து நுரைத்து ஓடும் நீரை வெள்ளைநீர் என்பர். அதற்கு ஒன்று முதல் ஆறு வரை தரமுண்டு. முதற்றரம் சிற்றலை, மூன்றாந்தரம் ஒழுங்கற்ற அலையும் சுழிப்பும், ஐந்தாந்தரம் வல்லுநர்க்கே உரியது, ஆறாந்தரம் உயிரைப் பணயம் வைப்பது. தன் திறன் இரண்டாந்தரமும் தன் படகு ஐந்தாந்தரமுமாக இருப்பவன் ஆபத்தானவன் என்றும், படகின் துணிவைத் தன் துணிவென்று அவன் மயங்கிவிடுவான் என்றும் பெரியவர் சொன்னபோது மருமகன் மொழிபெயர்ப்பிற் சற்றுத் தடுமாறினான்.

ஆக்கிமிடீசு கைகொடுத்தார்

“நிறைக்கும் படகுக்கும் என்ன தொடர்பு?” என்று மருமகன் முணுமுணுத்தான். இங்கேதான் எமக்குப் பேச வாய்ப்பு வந்தது. ஒரு தாளைக் கேட்டு வாங்கினோம்.

மருமகனின் நிறை 82 கிலோகிராம். கவசம், தலைக்கவசம், உடை முதலியன 8. செம்மஞ்சட் படகு 15. ஆக 105 கிலோகிராம். மிதக்கும் பொருள் தன் நிறைக்குச் சமமான நீரை இடம்பெயர்க்குமாதலால், 105 லீற்றர் கனவளவு நீருள் அமிழ்ந்தே தீரும். அப்படகின் முழுக் கனவளவு 190 லீற்றர் என்று உள்ளே அச்சிட்டிருந்தது. எஞ்சுவது 85 லீற்றர். நுரையிலே பாதி காற்று. ஆகவே நுரைநீர் தூக்கும் மேலுதைப்பு இன்னும் குறைவு. அலை மேலே விழும்போது அவனைத் திரும்ப மேலே கொணர்வது அந்த எஞ்சிய கனவளவுதான். ஆற்றுப் படகொன்றுக்குக் கணக்குப் பார்த்தோம்: நிறை 20, கனவளவு 270 லீற்றர். மொத்த நிறை 110. எஞ்சுவது 160 லீற்றர். ஏறத்தாழ இருமடங்கு.

மருமகன் தாளைப் பார்த்தான். பின்பு படகின் உள்ளே ஒட்டியிருந்த சிறிய சீட்டைப் பார்த்தான். ‘50 முதல் 70 கிலோகிராம் வரை’ என்று அதில் இருந்தது. வாங்குமுன் எவரும் படியாத சீட்டு அது. அப்படியானால் எல்லாவற்றிலும் பெரிய படகை வாங்கினால் என்ன என்று கேட்டான். பெரியவர் சிரித்தார். மிகப் பெரிய படகு தக்கை போலாகி, ஏறியிருப்பவன் சாய்த்தாற் சாயாது, திருப்பினாற் திரும்பாது என்றார்.

பின்னர் அவர் எம்மையே ஒரு படகில் அமரச் செய்தார். கொட்டகைத் தரையிலேதான், எனினும் எமது நெஞ்சு படபடத்தது. கயாக்கிலே அமர்வதில்லை, அதனை அணிந்துகொள்கிறோம் என்பது அவர் பாடம். பாதம் முன்தட்டில் ஊன்றவேண்டும், முழங்கால் இருபுறத்துப் பிடியிற் பொருந்தவேண்டும், இடுப்பு அசையலாகாது, முதுகுக்கு ஒரு பட்டி. இடுப்பைச் சொடுக்கினாற் படகும் உடன் சொடுக்கவேண்டும். ஆயினும் செருப்பைப் போல இறுகக் கூடாது. சப்பாத்துப் போலப் பொருந்த வேண்டும். நினைத்தவுடன் கழன்று வெளியே வரவும் இயலவேண்டும். எமது தேகம் உள்ளே போனது; வெளியே வரவில்லை. மருமகனும் பெரியவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தனர். நாற்பத்துநான்கு ஆண்டு இட்டலி, தோசையின் கனவளவை எந்த உற்பத்தியாளரும் கணக்கிலெடுக்கவில்லை போலும்.

ஆற்றின் தீர்ப்பு

ஆயினும் இளையோர் உள்ளம் கணக்குக்கு மட்டும் பணிவதில்லை. செம்மஞ்சட் படகை ஒருமுறை ஓட்டிப் பார்க்கவேண்டுமென்று மருமகன் நின்றான். மறுநாள், தூண் நகருக்கும் பேர்ணுக்கும் இடையே ஆரே ஆற்றிலே அலையடிக்கும் ஓரிடத்துக்குப் பெரியவர் அழைத்துச் சென்றார். இன்னும் இரு பயிற்சியாளர் கயிற்றுப் பையோடு கீழே காத்துநின்றனர். நாம் கரையில் நின்றோம்.

பாறையின் மறைவிலே ஆற்றுநீர் எதிர்த்திசையில் மெல்லத் திரும்பும். அந்த அமைதிநீரிலிருந்து விரைநீருக்குள் நுழையும் வரம்புதான் பழகாதவனுக்குப் பொறி. நுழைந்ததும் ஆறு படகின் மேல்நீர்ப் பக்கத்து ஓரத்தைப் பற்றி இழுக்கும். துவிச்சக்கர வண்டியிலே வளைவிற் செல்கையில் உட்புறம் சாய்வது போல, ஆறு போகும் திசைக்குச் சாய்ந்து அவ்வோரத்தை உயர்த்த வேண்டும். அஞ்சியவனோ எதிர்ப்புறம் சாய்வான். கூரிய ஓரமுடைய படகு அந்தச் சிறு பிழையையும் மன்னிப்பதில்லை. மருமகன் நுழைந்தான், கண்ணிமைக்குமுன் கவிழ்ந்தான். குளிர்காலத்திலே நீச்சற்றடாகத்தில் அவன் பன்முறை நிமிர்ந்து பழகியவன்தான். ஆனால் தடாகம் வேறு, ஆறு வேறு. வெளியே வந்து நீந்தினான். மூன்று முறை முயன்று மூன்று முறையும் நீந்தினான். கரையேறி, பற்கள் கிடுகிடுக்க, “மாமா, அம்மாவிடம் சொல்லவேண்டாம்” என்றான்.

நாம் சொல்லவில்லை. சொல்லாமலிருந்ததை எண்ணி அன்றிரவு உறக்கமும் கொள்ளவில்லை. மறுநாட் காலை மருமகனே தாயாரிடம் சென்று, நடந்த யாவற்றையும் கூறி, “அந்தப் படகைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்” என்றான். தமக்கையார் மூச்சு விட்டார். “ஆனால் வேறொன்றை ஓட்டிப் பார்க்கப் போகிறேன், நீங்களும் வந்து பாருங்கள்” என்றான். அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு அதிகாலை, சேலைக்குமேல் குளிரங்கி அணிந்து எமக்கு முன்பே வாயிலில் நின்றார்.

சென்ற இடம் முன்றைன் ஆறு. றைன் நதி இரு கிளையாகத் தோன்றி, றைக்கனவ் என்னுமிடத்தில் ஒன்றாகின்றது. அவற்றுள் ஒன்று இது. ஏறத்தாழப் பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன் பிளிம்ஸ் மலை சரிந்து பள்ளத்தாக்கை மூடிற்று. அச்சரிவை ஆறு அரித்தரித்து, வெண்சுண்ணச் சுவர்களுக்கிடையே வழி செய்துகொண்டது. றுயினவுல்ற்றா என்பது அப்பள்ளத்தாக்கின் பெயர். 1903இல் அமைந்த மலைப் புகையிரதப் பாதை ஆற்றோடு ஒட்டியே செல்கின்றது. இலான்ற்ஸ் ஊரிலே படகுகள் இறங்கின. தமக்கையாரும் நாமும் செந்நிற ரயிலேறி, வேர்சாம் நிலையத்தில் இறங்கி, ஆற்றின் ஓரமாகச் சற்று மேலே நடந்து ஒரு விரைநீரின் எதிரே காத்து நின்றோம். நீரின் நிறம் பால் கலந்த பச்சை. ஓசையோ, ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேளாதபடி.

இரண்டு மணி நேரம் சென்றிருக்கும். வளைவிலே பெரியவரின் தலைக்கவசம் தோன்றிற்று. பின்னே நீலநிற ஆற்றுப் படகிலே மருமகன். முதலலையில் ஏறினான், இரண்டாவதில் இறங்கினான், மூன்றாவது பக்கவாட்டில் வந்து அடித்தது. படகின் நீல அடி மட்டுமே தெரிந்தது.

தமக்கையாரின் கை எம் மணிக்கட்டைப் பற்றியது. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்பு அதே பிடி, அதே இடத்தில். நாம் எம்மையறியாது எண்ணலானோம். ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு... துடுப்பின் அலகொன்று நீர்மேல் நீண்டது, படகு உருண்டது, மருமகன் நிமிர்ந்து இருமியபடி அமைதிநீருக்குள் திரும்பினான். எம்மை நோக்கித் துடுப்பை உயர்த்திக் காட்டினான்.

பிடி தளர நெடுநேரமாயிற்று.

கரை சேர்ந்த படகினருகே தமக்கையார் சென்றார். அதனைச் சுற்றி வந்தார், கையாற் தடவினார், உள்ளே குனிந்து பார்த்தார். பின்பு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “தண்ணீர் உள்ளே வந்தால் எதனால் இறைப்பாய்?” மருமகன் தன் இடுப்பிலிருந்த றப்பர்ப் பாவாடையைக் காட்டி, அது படகின் வாயை மூடிவிடுமென்றும், முன்னேயிருக்கும் நாடாவை இழுத்தால் உடனே கழன்றுவிடுமென்றும், பின்புறத்திலே காற்றுப் பைகள் வைத்திருப்பதால் நீர் புகவும் இடம் குறைவென்றும் விளக்கினான். நாடாவை அவரே இழுத்துப் பார்த்தார். இரண்டாம் முறையும் இழுத்துப் பார்த்தார். “தனியே போகமாட்டாய் என்று சொல்லு” என்றார். “மூன்று பேருக்குக் குறைந்து போகமாட்டேன், அம்மா” என்றான் அவன்.

அன்று மாலை வீடு திரும்புகையில், புதுப்படகின் விலை ஆயிரம் பிராங்குக்கு மேல் என்றும், ஆகவே பழையதொன்றையே தேடப்போவதாகவும் மருமகன் சொல்லிக்கொண்டு வந்தான். வெடிப்பில்லாததாய்ப் பார்த்து வாங்கு, குறைந்த பணத்தை நான் தருகிறேன் என்று தமக்கையார் சன்னலை நோக்கியபடியே சொன்னார்.

மாணவருக்கு ஒரு சொல்

நம் நாட்டிலும் வெள்ளைநீர் இல்லாமலில்லை. 1957இல் வெளிவந்த, குவாய் நதிப் பாலத்தைப் பற்றிய புகழ்பெற்ற ஆங்கிலப் படம் பிடிக்கப்பட்ட கித்துல்கலவிலே, களனி கங்கை பாறைகளுக்கிடையே பாய்கின்றது. றப்பர் மிதவைகளில் இளைஞர் பலர் அதனோடு இறங்குகின்றனர். என்றேனும் அங்கு செல்லும் மாணவரும், புலம்பெயர் நாடுகளிற் கயாக் வாங்க விரும்பும் நம் பிள்ளைகளும் சிலவற்றை நினைவிற் கொள்ளட்டும். முதலில் ஆற்றின் தரத்தை அறிக. அடுத்துத் தம் நிறையை அறிக. பின்னர்த் தம் திறனை மெய்யாக அளந்து கொள்க. நிறத்தையும் மலிவையும் இறுதியிற் பார்க்க. வாங்குமுன் ஓட்டிப் பார்க்க. தலைக்கவசமும் மிதப்புச் சட்டையும் துணைவர் இருவரும் இல்லாத நாளிற் கரையிலேயே இருக்க.

உயர்தர வகுப்புக்குப் பாடம் தெரிவு செய்ய வரும் மாணவரிடம், “உன் நண்பன் எதை எடுத்தான்?” என்பதே இதுகாறும் பலர் கேட்கும் கேள்வியாக இருந்து வந்திருக்கின்றது. ஊர் திரும்பியபின், பெரியவரின் மூன்று கேள்விகளையே சற்று மாற்றி நாம் கேட்டு வருகின்றோம்: போகும் ஆறு எது? உன் நிறை என்ன? விழுந்தால் எழுந்து பழகியிருக்கிறாயா?

எமது தலைமுறைக்கு ஓடத்தைத் தெரியும் உரிமை இருக்கவில்லை. கிடைத்ததில் ஏறினோம், இறைத்தோம், கரை சேர்ந்தோம். நம் பிள்ளைகளுக்கு அவ்வுரிமை வாய்த்திருக்கின்றது. அவர்கள் ஆற்றில் இறங்குவதைத் தடுப்பதினும், தக்க ஓடத்தைத் தெரிந்தெடுக்க உடனிருந்து உதவுவதே பெரியோர் கடனாகும். சென்ற மாதம் தமக்கையார் ஒரு படம் அனுப்பியிருந்தார். வண்டியின் கூரைமேல் நீல ஓடம். வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருப்பவர் அவரே.